ஐம்பத்தாறு பனியன்

அட அட, அதைக் கண்ணுல ஒத்திக்காதீங்க. புத்தகம் தானுங்க. அதுவும் நான் எழுதினது, சரஸ்வதி எழுதினதில்லை. கீழ வைங்க. உட்காருங்க முதல்ல. அந்தச் சேர்ல உட்காராதீங்க, அதுக்கு ஃபேன் காத்து வராது, இந்தப் பக்கம், இக்கட்டால வாங்க. பல்லடத்துல இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? இந்த வெயில்ல? தண்ணி குடிங்க. எங்க வூட்டுல தான் எப்பவும் இந்தக் கவுன்டர்ல உட்காருவாங்க, இன்னைக்கு அவிநாசில ஒரு சீருக்குப் போயிருக்காங்க. அதனால தான் நானே உட்கார்ந்திருக்கேன்.

பொண்ணை எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குச் சேர்க்கோணும்ங்கறீங்க. சந்தோசமுங்க. சேர்க்கைப் பாரம் இதோ இருக்குது. ஆனா இப்ப உள்ள வந்ததும் ஒண்ணு சொன்னீங்களே, "சென்னியப்பன் சார் புத்தகத்துல ஒரு தப்புக்கூட இருக்காதாம்"னு, அதை யாருங்க உங்களுக்குச் சொன்னாங்க? சரி, யாரோ சொல்லியிருப்பாங்க. நல்ல மனசுல தான் சொல்லியிருப்பாங்க. ஆனா அதைக் கேட்டுட்டு நான் பேசாம தலையாட்டிட்டு இருந்தா எனக்குச் சோறு எறங்காதுங்க. ஒரு சங்கதி சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் பாரத்தை எழுதறதா, எந்திரிச்சுப் போறதான்னு பாருங்க.

உங்களுக்கு இந்தக் கணக்கு எப்படின்னு தெரியாதில்லைங்க. ரெண்டு வார்த்தைல சொல்லிடறேன். டேட்டா சஃபிசியன்சின்னு பேரு. ஒரு கேள்வி இருக்கும். கீழ ரெண்டு கூற்று இருக்கும். விடை என்னன்னு கேட்கவே மாட்டான். விடை கண்டுபிடிக்க முதல் கூற்று மட்டும் போதுமா, ரெண்டாவது மட்டும் போதுமா, ரெண்டும் சேர்ந்தா தான் முடியுமா, ரெண்டும் இருந்தும் முடியாதா, அதைத்தான் கேட்பான். முதல் கூற்று மட்டுமே போதும்னா ஏ. ரெண்டும் சேர்ந்தா தான் முடியும்னா சி. மத்தது கெடக்குது விடுங்க, நம்ம சங்கதிக்கு இந்த ரெண்டு எழுத்துப் போதும்.

இதுல பசங்க எங்க கோட்டை விடுவாங்கன்னா, உட்கார்ந்து விடையைக் கண்டுபிடிப்பாங்க. எக்ஸ் எத்தனை, ஒய் எத்தனைன்னு. அங்க ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிசம் தான். போட்டுட்டே உட்கார்ந்திருந்தா மணி அடிச்சுருவான். கெணத்துல தண்ணி இருக்குதான்னு எட்டிப் பார்த்தாப் போதும், இறைச்சு ஊத்த வேண்டாம்னு நான் சொல்லுவேன். அதுக்காக என்ற கிளாசுல ஒரு சட்டம் வச்சிருந்தனுங்க. கூற்றைப் படிச்சதும் பேனாவை மேசை மேல வச்சிரணும். எவனாச்சும் விடையைக் கண்டுபிடிச்சான்னா எந்திரிச்சு நிக்கணும். கிளாஸ் முடியற வரைக்கும். சிரிக்கறீங்க. நெசமாத்தான். விடை தப்பாச் சொன்னவனை உட்கார வச்சுட்டு, சரியாச் சொன்னவனை நிக்க வச்ச வாத்தியார் இந்தத் திருப்பூர்லயே நான் ஒருத்தன் தான்.

அப்புறம் ஒரு பாட்டு மாதிரி ஒண்ணு. நான் "ரெண்டு தெரியாதது, ஒரு சமன்பாடு"ம்பேன். நாப்பது பேரும் ஒண்ணா "போதாது"ம்பாங்க. சொல்லிட்டு அடுத்த கூற்றுக்குப் போயிரணும். கீழ டீக்கடைல நிக்கறவங்க அண்ணாந்து பார்ப்பாங்க. பத்தொன்பது வருசமா அப்படித்தான். நான் சொல்றது பெருமைக்கில்லைங்க, இந்த முறைல படிச்சு நூத்துக்கணக்குல புள்ளைங்க போயிருக்காங்க. ஒருத்தன் சிங்கப்பூர்ல இருக்கான். போன் பண்ணுவான் பொங்கலுக்கு.

கோகிலவாணின்னு ஒரு பிள்ளை. போன வருசம் ஜூன்ல சேர்ந்துச்சு. பிள்ளைன்னு சொல்றேன், அதுக்கு இருபத்தொம்போது வயசு. மத்ததெல்லாம் காலேஜ் முடிச்ச கையோட வந்த இருபது, இருபத்தொண்ணு. இது ஒரு பனியன் கம்பெனில பெட்டி கட்டற வேலை. கம்பெனி பேரு வேண்டாமுங்க. சேரும்போது பாரத்துல வேலைன்னு போட்ட எடத்துல "பேக்கிங் சூப்பர்வைசர், அறுபது பேர்"னு எழுதியிருந்துச்சு. எனக்கு அதெல்லாம் ஞாபகத்துல நிக்கலை. பெட்டி கட்டற பிள்ளைன்னு தான் மனசுல நின்னுச்சு.

அந்தக் கம்பெனில ஒரு ஏற்பாடு. வருசத்துக்கு ஒருத்தரை அவங்களே பணம் கட்டி ஒரு காலேஜுல ரெண்டு வருசம் சனி ஞாயிறு எம்.பி.ஏ. படிக்க வைப்பாங்க. படிச்சு முடிச்சு வந்தா மேனேஜர். நுழைவுத் தேர்வுல அந்தக் காலேஜ் கேட்கற மார்க்கு வாங்கோணும், முப்பது வயசுக்குள்ள இருக்கோணும். இந்தப் பிள்ளைக்கு அதுக்கு அடுத்த மார்ச்சோட முப்பது. அதாவது இதை விட்டா அப்புறம் இல்லை. சேரும்போதே சொல்லுச்சு, "எனக்கு இந்த ஒரு தடவை தானுங்க சார்"னு. நான், "என்ற கையில விட்டுட்டே இல்ல, கவலைப்படாம போ"ன்னேன். அந்த வார்த்தை நல்லா ஞாபகம் இருக்குது.

எட்டு மணிக்கு ஷிப்டுக்குப் போயி ஆறு மணிக்கு முடிச்சுட்டு, ஆறரைக்கு இங்க இருக்கும். தலைமுடியில பஞ்சு ஒட்டியிருக்கும். கடைசி பெஞ்சுல உட்காரும். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மூளைங்க. ஆனா ஒரு கெட்ட பழக்கம், விடையைக் கண்டுபிடிச்சுரும். பேனாவைக் கீழ வச்சுட்டு மனசுலயே போட்டுரும். மூஞ்சியப் பார்த்தாத் தெரியும், உதடு லேசா அசையும்.

ஆகஸ்ட்ல நாங்க ஒரு மாதிரித் தேர்வு வச்சோம். எல்லாக் கேள்வியும் நானே முன்னாடி எழுதி வச்சது. அதுல பதினேழாவது கேள்வி. நம்ம ஊர்ப் புள்ளைங்களுக்குப் புரியட்டுமேன்னு பனியனை வச்சு எழுதினேன். கேளுங்க, உங்களுக்கும் புரியும். ஒரு கம்பெனி ரெண்டு தினுசுப் பெட்டில பனியன் அனுப்புது. சின்னதுல அஞ்சு பனியன், பெருசுல ஒரு டஜன். எல்லாப் பெட்டியும் நெறைஞ்சிருக்குது. பெரிய பெட்டி எத்தனை? இது கேள்வி. முதல் கூற்று, மொத்தம் அம்பத்தாறு பனியன். ரெண்டாவது கூற்று, மொத்தம் ஏழு பெட்டி.

சின்னப் பெட்டி எத்தனைன்னு தெரியாது, பெருசு எத்தனைன்னு தெரியாது. ரெண்டு தெரியாதது. முதல் கூற்றுல ஒரே சமன்பாடு. போதாது. ரெண்டாவதுலயும் ஒண்ணு. போதாது. ரெண்டையும் சேர்த்தா ரெண்டு சமன்பாடு, விடை வந்துரும். ஆக விடை சி. பேனாவையே தொட வேண்டாம். அழகான கேள்வின்னு எனக்கு ஒரே சந்தோசம்.

அடுத்த நாள் கிளாசுல விடையெல்லாம் வாசிச்சுட்டு வர்றேன். பதினேழு, சி. கடைசி பெஞ்சுல கை தூக்குது. என்ன அம்மணின்னேன்.

"முதல் கூற்றே போதுமுங்க சார். ஏ தான் வருமுங்க."

நான் சிரிச்சேன். "ரெண்டு தெரியாதது, ஒரு சமன்பாடு"ன்னேன் கிளாசைப் பார்த்து. நாப்பது பேரும் "போதாது"ன்னாங்க.

அது விடலை. எந்திரிச்சு நின்னு சொல்லுது, "இல்லீங்க சார். பெட்டியைப் பாதியா அனுப்ப முடியாதுங்களே. அம்பத்தாறுல டஜன் டஜனா எடுத்துட்டே வந்தா, மிச்சம் அஞ்சஞ்சா கட்டற மாதிரி இருக்கோணுமுங்க. அது ஒரே ஒரு எடத்துல தான் வருமுங்க சார். பெரிய பெட்டி..."

விடையைச் சொல்லப் போகுது. என்ற சட்டத்தையே மிதிக்கப் போகுது, நாப்பது பேர் முன்னாடி. எனக்குச் சுள்ளுன்னு ஏறிருச்சுங்க. நான் அப்படியெல்லாம் கோவக்காரன் இல்லை, யாரை வேணும்னாலும் கேளுங்க. ஆனா அன்னைக்கு என்ன சொன்னேன் தெரியுமுங்களா? உங்ககிட்டச் சொல்றதுக்கே நாக்கு கூசுது.

"அம்மணி, இது கணக்குக் கிளாஸு. உன்ற பேக்கிங் செக்‌ஷன் இல்லை. பெட்டி கட்டற புத்தியைச் செருப்போட சேர்த்து வாசல்லயே கழட்டி வச்சுட்டு வா"ன்னேன்.

கிளாஸே கொல்லுன்னு சிரிச்சுது. முன்னாடி பெஞ்சுல ஒருத்தன் மேசையத் தட்டித் தட்டிச் சிரிச்சான். நான் அதோட விட்டனா? "விடையைக் கண்டுபிடிச்சா என்ன பண்ணோணும்னு தெரியுமல்ல? நில்லு"ன்னேன். நின்னுச்சுங்க. நாப்பது நிமிசம். அறுபது பேரை வேலை வாங்கற பிள்ளை, தன்னை விட எட்டொம்போது வயசு சின்னப் பசங்களுக்கு நடுவுல, பகல் முழுக்க நின்னுட்டு வந்த காலோட நின்னுச்சு. அழுகலை. நோட்டுல நான் சொல்றதை நின்னுட்டே எழுதிட்டிருந்துச்சு. அது பாருங்க, அழுதிருந்தாக் கூட எனக்கு இவ்வளவு வெக்கமா இருக்காது.

எல்லாரும் போயாச்சு. நான் போர்டுக்கு முன்னாடி நின்னுட்டிருக்கேன். அவ சொன்னது தப்புன்னு நாளைக்கு நறுக்குன்னு காட்டிரணும்னு எனக்கு ஒரு வேகம். அதுக்கு என்ன வேணும்? அம்பத்தாறு பனியனைக் கட்ட இன்னொரு வழி இருக்குதுன்னு காட்டினாப் போதும். ஒண்ணுக்கு ரெண்டு விடை வந்துட்டா முதல் கூற்று போதாதுன்னு ஆயிரும். ரெண்டு நிமிச வேலை. மார்க்கர் எடுத்தேன்.

ஒரு டஜன் பெட்டி எடுத்தா மிச்சம் நாப்பத்து நாலு. அஞ்சஞ்சாக் கட்ட முடியாது. ரெண்டு எடுத்தா முப்பத்திரண்டு. முடியாது. மூணு எடுத்தா இருபது. நாலு சின்னப் பெட்டி, சரியா வருது. சரி, இது ஒரு வழி. இன்னொண்ணு? நாலு எடுத்தா மிச்சம் எட்டு. முடியாது. அஞ்சு எடுக்கப் பனியனே இல்லை. டஜன் பெட்டியே எடுக்காம முச்சூடும் சின்னப் பெட்டின்னா? அம்பத்தாறை அஞ்சஞ்சாக் கட்ட முடியாது.

அவ்வளவு தானுங்க. மூணு. ஒரே விடை. முதல் கூற்றே போதும்.

நாலு தரம் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது வருசத்துல என்ற கேள்வியை நானே போட்டுப் பார்த்தது அன்னைக்குத் தான். விடையைக் கண்டுபிடிக்காதே, கண்டுபிடிக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நானும் கண்டுபிடிக்காமயே இருந்திருக்கேன். எக்ஸு, ஒய்யுன்னு எழுதிட்டா அது எண்ணாப் போயிருது. அது பெட்டிங்கறது மறந்து போகுது. அந்தப் பிள்ளைக்குப் பெட்டி பெட்டியாவே இருந்திருக்குது.

போர்டைத் துடைச்சுட்டேன். துடைச்சுட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன், யாராச்சும் நின்னாங்களான்னு.

மறுநாளே சொல்லியிருக்கலாமில்லன்னு நீங்க நெனைக்கறீங்க. மூஞ்சில தெரியுது. நானும் நெனச்சனுங்க. மறுநாள் அந்தப் பிள்ளை ஓவர்டைம், வரலை. அதுக்கு அடுத்த நாள் வேற பாடம் ஆரம்பிச்சாச்சு. நடுவுல நிறுத்தி, முந்தாநாள் கேள்வில நான் சொன்னது தப்புன்னு சொன்னா, நாப்பது பேரும் மத்த நூறு கேள்வியைத் தோண்ட ஆரம்பிச்சுருவாங்க. அப்புறம் யாரு பாடத்தைக் கவனிப்பா? பரீட்சைக்குப் போற புள்ளைங்க நம்பிக்கை போயிரக் கூடாதில்லைங்களா. அவங்களுக்காகத்தான் பார்த்தேன். அப்புறம் அந்தப் பிள்ளையும் ஒண்ணும் கேட்கலை. மறந்துட்டா போலன்னு நெனச்சேன்.

நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்லைங்க. அதுக்கப்புறம் அவகிட்ட நெம்பத் தன்மையா நடந்துக்கிட்டேன். ரெண்டு தடவை டீ வாங்கிக் குடுத்தேன். என்ற புத்தகத்தைக்கூட, மத்தவங்களுக்கெல்லாம் விலைக்கு, அவளுக்கு மட்டும் இனாமாக் குடுத்தேன். கையெழுத்துப் போட்டு. அந்தப் புத்தகத்துலயும் அந்தப் பனியன் கேள்வி இருக்குது, அதுக்கு விடை சி-ன்னு அச்சாகியிருக்குதுங்கறது குடுக்கும்போது எனக்குத் தோணவே இல்லை.

மறந்துட்டான்னு சொன்னேனே. மறக்கலைங்க. கத்துக்கிட்டா. அதுக்கப்புறம் அவ கை தூக்கவே இல்லை. உதடும் அசையறதில்லை. நான் "ரெண்டு தெரியாதது, ஒரு சமன்பாடு"ம்பேன். கடைசி பெஞ்சுல இருந்து "போதாது"ன்னு அந்தக் குரல் தான் முதல்ல வரும். நான் போர்டுப் பக்கம் திரும்பிக்குவேன். ஆனாலும் அடுத்த நாளும் அதையே தான் சொல்லுவேன். நூத்துக்குத் தொண்ணூறு கேள்விக்கு அது சரி தானுங்களே?

அக்டோபர்ல புத்தகம் மறுபதிப்புக்குப் போச்சு. ப்ரூஃப் வந்துச்சு. எம்பத்தி நாலாம் பக்கம். சி-யை அடிச்சுட்டு ஏ-ன்னு எழுதி, கீழ நாலு வரி விளக்கமும் சேர்த்தேன், "பெட்டிகள் முழு எண்ணிக்கையில் மட்டுமே இருக்க முடியும் என்பதைக் கவனிக்க"ன்னு. எங்க வூட்டுல, ஜெயமணி, பக்கத்துல உட்கார்ந்து பக்கம் சரி பார்த்துட்டிருந்தாங்க. "இது அந்த கோகிலா பிள்ளை சொன்னது தானுங்களே? நீங்க சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீங்களே அன்னைக்கு"ன்னாங்க. ஆமான்னேன். "அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிட்டீங்களா?"ன்னாங்க.

"சொல்லிட்டேன்"னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க. வாய் தானா சொல்லிருச்சு. அந்தப் பிள்ளை அப்ப இங்கயே, அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழைய புத்தகத்தை வச்சுப் படிச்சுட்டிருந்துச்சு. எந்திரிச்சு பத்தடி நடந்தாப் போதும். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

நவம்பர் கடைசி ஞாயித்துக்கிழமை பரீட்சை. கோயமுத்தூர்ல சென்டர். பொழுதோட நாலரை மணி இருக்கும், நேரா இங்க வந்துச்சு, பரீட்சை முடிச்ச கையோட. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. அது சிரிச்சு நான் பார்த்து மூணு மாசமாச்சு.

"நல்லாப் பண்ணியிருக்கனுங்க சார். நம்ம பனியன் பெட்டிக் கேள்வி மாதிரியே ஒண்ணு வந்துச்சுங்க. சின்ன வேன், பெரிய வேன், மொத்தம் இத்தனை பேருன்னு. எனக்குக் கை ஏ-க்குத் தானுங்க போச்சு, பழைய புத்தி. அப்புறம் நீங்க சொன்னதை நெனச்சுட்டேன். பேனாவைக் கீழ வச்சுட்டு சி போட்டுட்டனுங்க சார். நீங்க மட்டும் அன்னைக்குத் திட்டலைன்னா அதுல ஏமாந்திருப்பேன்."

நன்றி சொல்லுதுங்க. எனக்கு நன்றி சொல்லுது.

நான் என்ன சொல்லியிருக்கோணும்? சொல்லுங்க. என்ன சொல்லியிருக்கோணும்? "சரி அம்மணி, நல்லது"ன்னேன். அது கால்ல விழுக வந்துச்சு, அட வேண்டாம் வேண்டாம்னு பின்னாடி போயிட்டேன்.

ஜனவரில ரிசல்ட். அந்தக் காலேஜ் கேட்கற மார்க்கு அறுபத்திரண்டு. அவ வாங்கினது அறுபது. சரியான விடைக்கு மூணு மார்க்கு, தப்பான விடைக்கு ஒண்ணு கழிப்பாங்க. அந்த வேன் கேள்விக்கு விடைக்குறிப்புல ஏ தான் இருந்துச்சு; அதைப் போட்டிருந்தா அறுபத்து நாலு. இதை நான் போட்டுப் பார்த்தனுங்க. பேனா எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

போன் பண்ணுச்சு. "ரெண்டு மார்க்குல போச்சுங்க சார். உங்க மேல ஒண்ணும் குத்தமில்லைங்க. எனக்குத் தான் வேகம் பத்தலை"ன்னுச்சு. அதுக்கும் நான், "வெசனப்படாதே அம்மணி, எல்லாம் நேரம்"னேன். நேரமாம் நேரம். மார்ச்சுல அதுக்கு முப்பது வயசாச்சு. கம்பெனில வேற ஒரு பையனை அனுப்பிட்டாங்களாம், இவ தான் அவனுக்கு வேலை கத்துக் குடுத்ததாம்.

இதோட முடிஞ்சிருந்தாலும் நான் எப்படியாச்சும் மென்னு முழுங்கியிருப்பேன்.

போன மாசம், ஏப்ரல்ல, சேர்க்கை ஆரம்பிச்ச முதல் நாள். இந்த ரூம் நெறைய ஆளுங்க, பத்துப் பன்னெண்டு அப்பா அம்மா. நிக்க எடமில்லை. அப்ப உள்ள வருது கோகிலவாணி. கூட ஒரு பிள்ளை, தர்ஷினின்னு பேரு, அவ செக்‌ஷன்ல வேலை செய்யறதாம். "எனக்குத் தான் அமையலீங்க சார். இவளுக்கு இருபத்து மூணு தான் ஆகுது, நெறைய வருசம் இருக்குது. உங்ககிட்டயே விட்டுரலாம்னு கூட்டிட்டு வந்தேன்"னுச்சு. எனக்கு உள்ள குளுந்து போச்சுங்க. பாரு, அந்தப் பிள்ளைக்கு நம்ம மேல ஒரு வருத்தமும் இல்லைன்னு நெனச்சேன். அப்படி நெனச்சேன் பாருங்க.

தர்ஷினி பாரம் எழுதிட்டிருக்குது. கோகிலவாணி நின்ன வாக்குல கவுன்டர்ல அடுக்கியிருந்த புதுப் புத்தகத்துல ஒண்ணை எடுத்துப் புரட்டுது. நான் பார்த்துட்டே இருக்கேன். தடுக்கவும் முடியலை, எந்திரிக்கவும் முடியலை. அந்தப் பக்கத்துக்குக் கை தானாப் போச்சு. நின்னுச்சு. படிச்சுச்சு. அந்த நாலு வரியையும் படிச்சுச்சு. உதடு லேசா அசைஞ்சுது.

அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்துச்சு. இரண்டாம் பதிப்பு, அக்டோபர்னு போட்டிருக்குமில்லைங்களா, அங்க.

பக்கத்துல வந்துச்சு. எனக்கு மட்டும் கேட்கற மாதிரி, ரொம்ப மெதுவாக் கேட்டுச்சு.

"அக்டோபருங்களா சார்?"

"ஆமா அம்மணி"ன்னேன்.

மாப்பு கேட்கோணும், ஆனா சுத்தி அத்தனை பேரு. ஒரு வார்த்தை அவ சத்தமாக் கேட்டிருந்தாப் போதும். "என்னை நிக்க வச்சீங்களே, இது என்ன?"ன்னு அந்தப் பக்கத்தை விரிச்சுக் காட்டியிருந்தா என்ற பத்தொன்பது வருசமும் அந்த நிமிசத்துல முடிஞ்சிருக்கும். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும். என்னைப் பார்த்துச்சு. கோவமா இருந்தா நான் தாங்கியிருப்பேன். இவ்வளவு தானா இந்த ஆளுங்கற மாதிரி ஒரு பார்வைங்க.

புத்தகத்தை அடுக்குலயே வச்சுட்டு, எல்லாருக்கும் கேட்கற மாதிரி சாதாரணமாச் சொல்லுச்சு, "நேரம் ஒத்து வராது போல இருக்குதுங்க சார். இவளுக்கு ஷிப்டு ஆறு மணி வரைக்கும்."

ஜெயமணி கவுன்டர்ல இருந்து, "ஏழு மணி பேட்ச் இருக்குதே அம்மணி"ன்னாங்க.

"இல்லீங்க்கா. பரவாயில்லீங்க. வேற பக்கம் பார்த்துக்கறோம்"னுச்சு. தர்ஷினி, "ஏனுங்க்கா?"ன்னு கேட்டுட்டே பின்னாடி போகுது. வாசல் கிட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க, மகனைச் சேர்க்க வந்தவங்க. அவங்க கோகிலவாணியை நிறுத்தி, "நீங்க இங்க படிச்சவங்களா? சார் நல்லாச் சொல்லித் தருவாருங்களா?"ன்னு கேட்டாங்க.

நான் கண்ணை மூடிட்டேன்.

"நல்லாச் சொல்லுவாருங்க"ன்னுச்சு. சொல்லிட்டுப் போயிருச்சு.

அந்தம்மா மகனைச் சேர்த்துட்டுத் தான் போனாங்க. பாரத்துல கையெழுத்துப் போட்டவன் நான் தான்.

நான் நாப்பது பேர் முன்னாடி அவளைத் தலை குனிய வச்சேன். அவ பன்னெண்டு பேர் முன்னாடி என்னைக் காப்பாத்திட்டுப் போறா. இதுக்கு அவ என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாமுங்க. வெக்கமா இருக்குதுங்க. தூங்கி எந்திரிச்சாலும் வெக்கமா இருக்குது, கிளாசுல வாயைத் திறந்தாலும் வெக்கமா இருக்குது. எல்லாரும் போனதுக்கப்புறம் ஜெயமணி அந்தப் புத்தகத்தை எடுத்து எம்பத்தி நாலாம் பக்கத்தைப் பார்த்துட்டு, "அன்னைக்குச் சொல்லிட்டேன்னீங்களே"ன்னாங்க. அவ்வளவு தான். அதுல இருந்து வூட்டுல சோறு போடறாங்க, பேச்சு இல்லை.

என்னங்க? அவகிட்டப் பேசினீங்களான்னு கேட்கறீங்க. இல்லீங்க. நம்பர் இருக்குது. ரெண்டு தடவை எடுத்துட்டு வச்சுட்டேன். என்ன சொல்லி ஆரம்பிக்கறது? நேர்ல போலாம்னா கம்பெனி வாசல்ல அத்தனை பேர் இருப்பாங்க, அறுபது பேரு அவளை அக்கா அக்கான்னு சுத்தி நிப்பாங்க, அவங்க முன்னாடி எப்படிங்க? அவளுக்குத் தான் சங்கடம். அவளுக்காகத் தான் பார்க்கறேன்.

வெளியாளுங்ககிட்டன்னா சொல்ல வருதுங்க. உங்களோட சேர்த்து நாலு பேர்த்துகிட்டச் சொல்லிட்டேன். ஒருத்தர் விடாம முழுசாக் கேட்டாங்க. கேட்டுட்டு மூணு பேரும் என்ன சொன்னாங்க தெரியுமுங்களா? "இந்தக் காலத்துல இப்படித் தப்பை ஒத்துக்கற வாத்தியார் கெடைக்க மாட்டாருங்க"ன்னு சொல்லிட்டு, மூணு பேரும் புள்ளைங்களைச் சேர்த்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நீங்களும் அப்படியே பார்க்கறீங்க. அப்படிப் பார்க்காதீங்க. அட, ஏனுங்க பாரத்தை எடுக்கறீங்க? இவ்வளவு நேரம் நான் சொன்னதைக் கேட்டீங்களா இல்லையா? வேற எடம் இருக்குதுங்க, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கவே ஒண்ணு இருக்குது.

இல்லை, சேர்த்துத் தான் ஆகோணும்ங்கறீங்க.

சரி, குடுங்க. பொண்ணு பேரு என்னங்க?